பக்கத்து நாற்காலிக்குத் தகுதி

அக்டோபர் 9

பாப்பாவை இனிமேல் வைத்துக்கொள்ள முடியாது என்று பள்ளிக்கூடத்தில் இன்று சொல்லிவிட்டார்கள். பொங்கல் விடுமுறை முடிந்து திறக்கும்போது அவள் பக்கத்தில் வகுப்பறை உதவியாளர் என்று ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆளை நாம்தான் தேட வேண்டும், சம்பளமும் நம்முடையது. ஆள் இல்லையென்றால் டி.சி.யை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டலாம்.

பிள்ளை செய்த குற்றம் பேசாதது. எல்.கே.ஜி.யில் சேர்ந்ததிலிருந்து இந்த ஒன்றாம் வகுப்பு வரை பள்ளிக்கூடத்துக்குள் ஒரு வார்த்தை பேசியதில்லையாம். பெயர் கூப்பிட்டால் ‘பிரசன்ட் மிஸ்’ கிடையாது. ஒன்றுக்கு வருகிறது என்றுகூடச் சொல்லாமல் போன வாரம் உட்கார்ந்த இடத்திலேயே போய்விட்டாள். அதிலிருந்துதான் விவகாரம் பெரிதானது.

காதும் நாக்கும் சரியாக இருக்கின்றன என்று மதுரை டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். வீட்டில் தன் அம்மாவிடமும் அப்பன் என்னிடமும் பேசத்தான் செய்கிறாள். வெளியாள் யாராவது வந்து ‘உன் பேர் என்ன’ என்று கேட்டால் மட்டும் என் வேட்டிக்குப் பின்னால் போய்விடுவாள். தன்விகா என்று நானே சொல்லிவிடுவேன். எத்தனையாம் வகுப்பு, என்ன பிடிக்கும், எல்லாவற்றையும் நானே சொல்லிவிடுவேன். பிள்ளை எதற்குச் சங்கடப்பட வேண்டும்?

பிரின்சிபல் அம்மா ஒரு தாளைப் பார்த்து வாசித்தார். உதவியாளராக வருகிறவர் பத்தாம் வகுப்பாவது தேறியிருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற இடத்தில் பயிற்சி முடித்திருக்க வேண்டும். ஏதாவது ஒரு வகுப்பறையில் ஒரு மாதம் வேலை பார்த்த அனுபவம் வேண்டும். போலீசில் நன்னடத்தைச் சான்று வேண்டும்.

பிள்ளை பக்கத்தில் சும்மா உட்காருவதற்கு இவ்வளவு தகுதி. நான் பழைய சாக்கு வாங்கி விற்கிறவன். இந்த விருதுநகர் பருப்பு மில்களில் பாதிக்கு என் சாக்கில்தான் பருப்பு போகிறது. ஒரு தகுதியும் யாரும் கேட்டதில்லை.

அக்டோபர் 13

உதவியாளர் வேலைக்கு ஒரு பெண் வந்தாள். எம்.ஏ., பி.எட். பாப்பாவைப் பார்த்ததும் “ஹாய் குட்டி” என்று கன்னத்தைக் கிள்ளினாள். பாப்பா என் பின்னால் வந்துவிட்டாள். அந்தப் பெண் விசிறி மாதிரி கையை ஆட்டி என்னென்னவோ செய்துகாட்டினாள். இடையிடையே போனையும் பார்த்துக்கொண்டாள். டீ கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அக்டோபர் 17

இன்னொருத்தி. நடு வயது, பொறுமைசாலி. பாப்பாவிடம் ஒன்றும் பேசாமல் தரையில் உட்கார்ந்து காகிதத்தில் கப்பல் செய்தாள். கால் மணி நேரத்தில் பாப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். “இது என்ன கலர்?” என்று அந்த அம்மாள் கேட்டாள். சிவப்பு என்று சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு “இது யாருக்கு?” என்று கேட்டாள். பாப்பாவுக்குத்தான் என்றேன். அந்த அம்மாள் எழுந்து, “ஸார் இருக்கிற வீட்டுல எனக்கு வேலை இல்ல” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

திமிர். இவர்களுக்கெல்லாம் இவ்வளவு இருக்கும்போது வியாபாரிக்கு எவ்வளவு இருக்க வேண்டும்.

அக்டோபர் 20

வீட்டுக்காரி தங்கபுஷ்பம் சமையலறையிலிருந்தே தீர்ப்புச் சொன்னாள். ஊரில் இருக்கிற எல்லாப் பொம்பளையிலும் நான் ஓட்டை கண்டுபிடிப்பேனாம், சாக்கைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்க்கிற மாதிரி. இப்படியே பார்த்தால் பொங்கல் வந்துவிடும், பிள்ளை வீட்டில் உட்கார்ந்துவிடும். ஆகவே நானே போய் அந்தப் பயிற்சியை முடித்துவிட்டு வர வேண்டுமாம்.

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“நான் எட்டாவதுதான். இல்லாட்டி நானே போயிருப்பேன். நீங்க பத்தாவது பாஸு. கடைய நான் பாக்கேன்.”

பத்தாவது பாஸ்தான், இரண்டாம் தடவையில். அதை இதுவரை யாரும் என்னிடம் கேட்டு வாங்கியதில்லை. இந்த வீட்டில் அதற்கு ஒரு நாள் விலை வரும் என்று யார் கண்டது?

ஐப்பசியில் மழை பிடிக்கும், மார்கழியில் நெல் அறுப்புக்குச் சாக்கு கேட்டு வருவார்கள். இந்த நேரத்தில் கடையை விட்டுவிட்டுப் போவதாவது.

அக்டோபர் 25

போனேன்.

மதுரை ரோட்டில் ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடி. மர பெஞ்சு. சுவரெல்லாம் கலர் காகிதத்தில் வெட்டிய பூ, பழம், சூரியன். சூரியனுக்கு மூக்கும் வாயும் வைத்திருக்கிறார்கள். மொத்தம் பதினோரு பேர், பத்துப் பேர் பெண்கள். நான் உள்ளே நுழைந்ததும் யாரோ கட்டட ஓனர் வாடகைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டார்கள்.

சொல்லிக்கொடுப்பவர் ஜெசிந்தா மிஸ். ஓய்வு பெற்ற ஆசிரியை. குரலே எழுப்ப மாட்டார். முதல் நாள் பாடம், குழந்தையின் கண்ணுக்கு நேராக நம் கண் இருக்கும்படி உட்கார வேண்டும் என்பது. இதற்கு இரண்டு மணி நேரம். பழகிப் பார்க்கச் சொல்லி ஒருவர் முன்னால் ஒருவரைக் குத்துக்காலிட்டு உட்கார வைத்தார். எனக்கு முட்டி பிடித்துக்கொண்டது. பக்கத்துப் பெண் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

அவள் பெயர் செண்பகவல்லி. சாத்தூர். எம்.எஸ்சி., பி.எட். இவ்வளவு படித்துவிட்டு இங்கே எதற்கு என்று கேட்டேன். “ஆசிரியை வேலைக்கு அனுபவம் கேக்காக, அனுபவத்துக்கு வேலை கேக்காக. அதான் அண்ணாச்சி, நடுவுல இது” என்றாள். படித்தவர்கள் நிலைமை இது. என் கடையில் சாக்கு தைக்கிற ஆள் இவளுக்குக் கிடைக்கப்போகிற சம்பளத்தை விட அதிகம் வாங்குகிறான். அதை அவளிடமே சொன்னேன். “அப்போ தையல் மிஷின் ஒண்ணு காலியா இருந்தாச் சொல்லுங்க” என்றாள்.

நவம்பர் 3

இன்றைய பாடம் இன்னும் கொடுமை. குழந்தையிடம் ஒன்று கேட்டால், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டுமாம். மறுபடி கேட்கக் கூடாது. பதிலை எடுத்துக் கொடுக்கக் கூடாது. கண்ணால் ஜாடை காட்டக் கூடாது. சும்மா இருப்பதைக் கற்றுக்கொள்ள நாங்கள் பணம் கட்டி வந்திருக்கிறோம்.

காத்திருந்தும் பதில் வராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

“இன்னும் காத்திருக்கணும்” என்றார் ஜெசிந்தா மிஸ்.

கடை எப்படி இருக்கிறது என்று மாலையில் போய்ப் பார்த்தேன். நனைந்த சாக்கைத் தங்கபுஷ்பம் வெளியே கொடியில் போட்டிருக்கிறாள். நான் எப்போதும் குவியலாகத்தான் போடுவேன். கொடியில் போட்டால் இடம் போகும். ஆனால் காய்ந்துவிட்டது. ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பர் 12

தீபாவளி. வீட்டுக்கு வந்தவர்களிடம் பாப்பா பிறந்த நாளிலிருந்து எல்லாவற்றையும் நானே சொன்னேன். புது கவுன் யார் எடுத்தது, எந்த மத்தாப்பு பிடிக்கும் என்பது வரை.

நவம்பர் 20

பயிற்சி வகுப்பு முடிந்தது. அடுத்து அனுபவம். ஊருக்கு வெளியே ஒரு நர்சரியில் எனக்கும் செண்பகவல்லிக்கும் இடம் போட்டிருக்கிறார்கள். ஒரு மாதம் அங்கே டீச்சர் சொல்கிறபடி நடக்க வேண்டும். டீச்சருக்கு வயது என் கடை போர்டின் வயதுகூட இருக்காது. அந்தப் பிள்ளை என்னைப் பார்த்து, “அங்கிள், செருப்பை அந்த ஸ்டாண்டில விடுங்க” என்கிறது.

அடுத்தவர் சொல்கிறபடி நடந்து எத்தனை வருஷம் ஆயிற்று. அதற்காகத்தான் சொந்தத் தொழிலே ஆரம்பித்தேன்.

நவம்பர் 24

பெரிய ரகளை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஆறு பிள்ளைகளை என்னிடம் கொடுத்து வண்ணம் தீட்ட வைக்கச் சொன்னார்கள். கலர் பென்சில் ஒரு டப்பாதான். எல்லாருக்கும் சிவப்பு வேண்டும். அடித்துக்கொண்டார்கள். இரண்டு பேர் ஒரு சரக்குக்கு மல்லுக்கு நின்றால் என்ன செய்வார்கள்? ஏலம் விட்டேன். “சிவப்பு, சிவப்பு, யாருக்குச் சிவப்பு? பச்சையைத் திருப்பிக் கொடுக்கிறவருக்குச் சிவப்பு, பச்சையும் நீலமும் கொடுத்தா உடனே சிவப்பு” என்று ஆரம்பித்தேன். மூன்றே நிமிஷத்தில் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். சத்தம் போட்டுக் கேட்டார்கள், விட்டுக் கொடுத்தார்கள், மறுபடி கேட்டார்கள். பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் வந்து நின்று கையை உயர்த்தினார்கள். ஒருத்தன் தன் மதிய டப்பாவையே ஏலத்தில் வைத்தான். எனக்கும் ரொம்ப நாளைக்குப் பிறகு நாக்கு சுழன்றது.

டீச்சர் ஓடிவந்தபோது படம் ஒருத்தரும் போடவில்லை. எல்லாப் பென்சிலும் அபினேஷ் என்கிற ஒரு பயலிடம் சேர்ந்துவிட்டிருந்தது.

“அங்கிள், இது கிளாஸ் ரூம்” என்றது அந்த டீச்சர் பிள்ளை.

தெரியும். சந்தையாக இருந்தால் அந்த அபினேஷை இன்றைக்கே வேலைக்கு எடுத்திருப்பேன்.

டிசம்பர் 5

மழை. கடையில் இரண்டு மில்காரர்கள் புதிதாக வந்திருக்கிறார்கள். தங்கபுஷ்பம் பேசி முடித்த விலையைச் சொன்னாள். நான் சொல்லியிருப்பேனே, அதை விட நல்ல விலை. நீ எப்படி அவர்களைப் படியவைத்தாய் என்று கேட்டேன். “அவுக பேசட்டும்னு விட்டேன்” என்றாள்.

டிசம்பர் 15

ஜெசிந்தா மிஸ் நர்சரிக்கு வந்து என்னைச் சோதித்தார். தோற்றேன்.

சோதனை இதுதான். மனீஷா என்று ஒரு குழந்தை. அதற்கும் வாய் திறப்பது கஷ்டம், கொஞ்சம் திக்கும். அதனோடு நான் ஒரு படக் கதையைப் பார்க்க வேண்டும். மிஸ் பின்னால் உட்கார்ந்திருந்தார். யானை வந்தது. இது என்ன என்று கேட்டேன். அது வாயைத் திறந்து, உதடு கூடி, முகமெல்லாம் சிவந்து “யா… யா…” என்றது. யானை என்றேன். அடுத்து மரம் வந்தது. அது “ம” என்று ஆரம்பிப்பதற்குள் மரம் என்றேன். பிறகு குழந்தை கேள்விக்கே காத்திருக்கவில்லை. படத்தைப் பார்த்துவிட்டு நேராக என் வாயைப் பார்த்தது. நானும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். வேலை மளமளவென்று முடிந்தது. செண்பகவல்லி பாதிகூட முடிக்கவில்லை.

எழுந்து வெளியே வந்ததும் மிஸ் சொன்னார், “கதைய நீங்க நல்லா வாசிச்சீங்க ஸார். இன்னும் ரெண்டு வாரம் இருந்து மறுபடி காட்டுங்க.”

நடுவில் அரையாண்டு லீவு வேறு, ரெண்டு வாரம் என்றால் பள்ளிக்கூடம் திறக்கிற நாளை நெருங்கிவிடும், சான்றிதழ் கையில் வருமோ வராதோ என்று சொன்னேன். பாப்பாவின் நிலைமையையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பதில் சொல்லவே இல்லை. கடைசியில் நானே ரெண்டு வாரத்துக்கு ஒத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் செண்பகவல்லி ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள், “அண்ணாச்சி, வீட்லயும் இப்படித்தான் யான மரம்லாம் நீங்களே சொல்லுவீகளா?”

வாயாடி. வேலை கிடைக்காமல் சுற்றுவதற்குக் காரணம் இந்த வாய்தான்.

டிசம்பர் 16

காலையில் பாப்பா தட்டைத் தள்ளிவிட்டு அலமாரியைக் காட்டினாள். மேல் தட்டில் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் சீனி டப்பா. எப்போதும் எடுத்துக் கொடுப்பேன். இன்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி காட்டினாள். பேப்பரில் வெல்லம் விலை இறங்கியிருக்கிறது.

தோசை ஆறிப்போனது, எழுந்து போய்விட்டாள். தங்கபுஷ்பம் வந்து, “என்ன, பிள்ளைய பட்டினி போடுதீகளா? உங்களுக்கு உடம்பு சரியில்லையா?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பயிற்சி எதையும் வீட்டில் செய்துபார்க்கவில்லை. பேப்பர் படித்தேன், அவ்வளவுதான்.

டிசம்பர் 19

பாப்பாவோடு தெருமுனைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஈஸ்வரமூர்த்தி. “பாப்பாவுக்கு என்ன வேணும்?” என்று கேட்டார். அவள் என் வேட்டியை இழுத்தாள். கடலை மிட்டாய்தான், தினமும் அதுதான், எனக்கும் தெரியும் அவருக்கும் தெரியும். நான் எதிரே இருந்த மின்கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஈஸ்வரமூர்த்தி என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வேறு ஆள் வந்து சோப்பு வாங்கிக்கொண்டு போனார். பாப்பா வேட்டியை விடவில்லை. நானும் கம்பத்தை விடவில்லை. கடைசியில் அவரே மனசு கேட்காமல் மிட்டாயை எடுத்து நீட்டினார். அவள் வாங்கவில்லை.

வீடு வரை அழுதுகொண்டே வந்தாள். சத்தம் வராமல் அழுவாள், அது இன்னும் மோசம்.

டிசம்பர் 20

பாப்பா இப்போது என்னிடமும் பேசவில்லை.

டிசம்பர் 22

பேசவில்லை. இந்தப் படிப்பை எவன் கண்டுபிடித்தானோ. இருந்த ஒரு வாயையும் அடைத்துவிட்டது. நாளை மிட்டாய் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று தங்கபுஷ்பத்திடம் சொன்னேன். “ஆரம்பிச்சது நீங்க. இப்ப பாதியில விட்டா அது எது சரின்னு நம்பும்?” என்றாள். கடையைக் கையில் கொடுத்ததிலிருந்து இவள் பேச்சே மாறிவிட்டது.

டிசம்பர் 27

காலையில் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து, “அப்பா, சீனி.”

எடுத்துக் கொடுத்தேன். டப்பாவைத் தவறவிட்டுவிட்டேன், கை ஈரம். பாதிச் சீனி தரையில். எறும்பு வரும் என்று தங்கபுஷ்பம் திட்டினாள்.

ஜனவரி 8

மறுபடியும் மனீஷா. அதே யானை. கேட்டுவிட்டு நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்துக்கொண்டேன். குழந்தை என் வாயைப் பார்த்தது. நான் யானையைப் பார்த்தேன். ஒரு லோடு இறக்கி முடிக்கிற நேரம் ஆகியிருக்கும் என்று தோன்றியது, மிஸ் பிறகு சொன்னதைப் பார்த்தால் அவ்வளவு ஆகவில்லை. “யா… யானை. குட்டி யானை” என்றது. குட்டி என்பது படத்தில் இல்லை, அதுவாகச் சேர்த்துக்கொண்டது. அது பொய் என்று சொல்லவில்லை.

தேறிவிட்டேன். ஜெசிந்தா மிஸ் ஒன்றும் பாராட்டவில்லை. நாக்கில் காயம் ஆகியிருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

ஜனவரி 12

சான்றிதழ் வந்தது. போலீஸ் சான்றும் வந்தது. ஸ்டேஷனில் எழுத்தர், “எதுக்கு அண்ணாச்சி, பாஸ்போர்ட்டா?” என்றார். ஒன்றாம் வகுப்பில் உட்காருவதற்கு என்றேன். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

ஜனவரி 18

பள்ளிக்கூடம் திறந்தது. தகுதியும் அனுபவமும் சரி என்று பிரின்சிபல் அம்மா கையெழுத்துப் போட்டார். பாப்பாவுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி. குழந்தை நாற்காலி. உட்கார்ந்தால் முட்டி தாடையில் இடிக்கிறது.

வகுப்பு டீச்சர் பெயர் கூப்பிட்டார். தன்விகா. அமைதி. வகுப்பு முழுக்க என்னைப் பார்த்தது. நான் கரும்பலகையைப் பார்த்தேன். டீச்சர் அடுத்த பெயருக்குப் போனார். பாப்பா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஜனவரி 22

அதே கதை. ஆனால் மற்ற பிள்ளைகளுக்கு நான் சாக்கு அங்கிள் ஆகிவிட்டேன். பென்சில் சீவ, பை ஜிப்பை இழுக்க, யார் யாரைக் கிள்ளினார்கள் என்று பஞ்சாயத்துப் பண்ண, எல்லாவற்றுக்கும் என்னிடம் வருகிறார்கள். நானும் தீர்த்துவைக்கிறேன். இந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்கு இருக்கிற மரியாதை பிரின்சிபல் அம்மாவுக்கு இல்லை. பாப்பா மட்டும் தன் நாற்காலியை என்னிடமிருந்து கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள். வெயில் படுகிறதோ என்னவோ.

ஜனவரி 25

மதியம் ஒரு பையன் என் மடியில் ஏறி உட்கார்ந்து கதை கேட்டான். இன்னொருத்தி என் தோளில் தொங்கினாள். பாப்பா பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். வீட்டுக்கு வரும்போது பைக்கில் பின்னால் உட்கார மாட்டேன் என்று முன்னால் டேங்கில் உட்கார்ந்தாள். அது அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது உட்கார்ந்த இடம்.

ஜனவரி 29

இன்று நடந்தது.

கணக்குப் பீரியட். ஒரு பிள்ளை எழுந்து, “மிஸ், தன்விகாவுக்கு ஏன் அப்பா கூட வர்றாங்க? அவ பாப்பாவா?” என்று கேட்டது. வகுப்பு சிரித்தது. டீச்சர் அதட்டினார். எனக்கு வாய் வரை வந்துவிட்டது, அந்தப் பிள்ளையின் அப்பன் யார், அவன் வியாபாரம் என்ன என்பது உட்பட. நாக்கைக் கடித்தேன். உண்மையிலேயே கடித்தேன், ரத்தம் வந்தது.

பாப்பா எழுந்து நின்றாள். என்னைப் பார்த்துத் திரும்பினாள். முகம் மனீஷாவின் முகம் போலச் சிவந்திருந்தது.

“அப்பா, நீ வெளிய போ.”

சத்தமாக. பின் பெஞ்சு வரை கேட்டது. அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் அவள் பேசிய முதல் வார்த்தை அது. எவ்வளவோ நல்ல வார்த்தை தமிழில் இருக்கிறது.

டீச்சர் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்தது. நான் எழுந்தேன். நாற்காலி இடுப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. அதைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போனேன். போகும்போது பின்னால் டீச்சர், “தன்விகா, ஏழும் மூணும்?” என்று கேட்டார். நான் வராந்தாவில் நின்றேன். உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. வெகு நேரத்துக்கு. எனக்குப் பத்து என்று தெரியும், வராந்தாவில் போன பியூனுக்கும் தெரியும். அப்புறம் பாப்பாவின் குரல்தான் வந்தது. பன்னிரண்டு என்றாள்.

தப்புதான். யாரும் திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை. இந்த ஒரு காரியத்துக்குத்தான் அந்த மாடியிலும் நர்சரியிலும் போய் இரண்டரை மாதம் உட்கார்ந்திருக்கிறேன் போலிருக்கிறது.

ஜனவரி 30

காலையில் பிரின்சிபல் அம்மா என்னையும் தங்கபுஷ்பத்தையும் கூப்பிட்டார். பிள்ளை பேசிவிட்டதில் சந்தோஷம், ஆனால் உதவியாளர் இல்லாமல் வைத்துக்கொள்ள விதியில் இடமில்லை, அப்பா மறுபடியும் உள்ளே உட்கார வேண்டும் என்றார். உட்கார்ந்தால் மறுபடி வாயை மூடிவிடுவாள் என்றேன். விதி விதிதான் என்றார். தாளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவரிடம் என்னத்தைப் பேசுவது. என் சான்றிதழை எடுத்து மேசையில் வைத்தேன்.

“குழந்தை தானா செய்யக்கூடியதை உதவியாளர் செய்யக்கூடாது. இது நீங்க கேட்ட படிப்பு சொல்றது மேடம், என் படிப்பு இல்ல.”

தங்கபுஷ்பம் வாயே திறக்கவில்லை, என்னையும் அடுத்து ஒன்றும் சொல்லவிடாமல் முழங்கையால் இடித்தாள். பிரின்சிபல் அம்மா பேனாவை மூடினார், திறந்தார். இந்த வருஷம் முடியும் வரை பார்ப்போம் என்றார். தினமும் பெயர் கூப்பிடும்போது தானே ‘பிரசன்ட்’ சொல்ல வேண்டும், பாத்ரூம் போக வேண்டுமென்றால் கையையாவது தூக்க வேண்டும். இரண்டும் செய்தால் பிள்ளை இங்கேயே படிக்கலாம், உதவியாளர் வேண்டாம். தவறினால் நான் மறுபடி உள்ளே.

ஆக, எனக்குத் தகுதி இருக்கிறது, அனுபவம் இருக்கிறது, வேலை இல்லை. செண்பகவல்லிக்குப் போன் போட்டுச் சொன்னேன். வெகு நேரம் சிரித்துவிட்டு, தனக்குச் சாத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் உதவியாளராக இடம் கிடைத்துவிட்டது என்றாள். கெட்டிக்காரப் பெண்தான். நான் எப்போதும் அப்படித்தான் சொல்லிவந்தேன்.

மீதி இருந்தது பாப்பாவோடு பேசி முடிக்க வேண்டியது. மாலையில் அவளைக் கூட்டிவரும் வழியில் புளியமரத்தடியில் பைக்கை நிறுத்தினேன். பிரின்சிபல் அம்மா சொன்னதைச் சொன்னேன். தலையை ஆட்டினாள்.

“நான் வகுப்புக்குள்ள வரல. வராந்தாவுல உக்காந்துக்கிடுதேன். சரியா?”

பேசவில்லை. புளியமரத்தைப் பார்த்தாள்.

“சரி, வராந்தா வேண்டாம். ஆபீஸ் பக்கத்துல பெஞ்சு கிடக்கில்ல, அங்க. மத்தியானம் வரைக்கும்.”

பேசவில்லை.

“இண்டர்வெல் வரைக்கும்.”

புளியம்பழம் ஒன்று விழுந்தது, அதைப் பார்த்தாள். நான் இவ்வளவு காலம் வியாபாரம் செய்திருக்கிறேன். மறுபக்கம் ஒரு வார்த்தை சொல்வதற்குள் தன் விலையை இப்படித் தானே மூன்று தடவை இறக்கிக்கொண்ட முட்டாளைச் சந்தையில் பார்த்ததில்லை.

வாயை மூடிக்கொண்டேன். இருவரும் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“கேட் வரைக்கும்” என்றாள்.

“கேட்டுக்கு உள்ளயா, வெளியயா?”

“வெளிய.”

பேசி முடிந்தது இதுதான்: காலையில் கேட்டுக்கு வெளியே இறக்கிவிட வேண்டும். பையை அவள்தான் தூக்குவாள். அவள் வகுப்புக்குள் போகும் வரை நான் நிற்கக் கூடாது. வெள்ளிக்கிழமை மட்டும் சாயங்காலம் கேட்டுக்கு உள்ளே வரலாம், அதுவும் அவள் கூப்பிட்டால். இன்றைக்கு என்ன பேசினாய் என்று வீட்டில் நான் கேட்கக் கூடாது. அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.